பனிவண்டிக்கு அடிப்பட்டை

கனடாவிலிருந்து திரும்பி வந்த இரும்புப் பட்டையை அரவிந்தவல்லி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். விரல் கனத்தில் போனது அப்பளமாகத் திரும்பியிருந்தது. நடுவில் ஒரு ஓட்டைகூட விழுந்திருந்தது. அந்த ஓட்டை வழியாக, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் கங்கம்மா, வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டீ குடிக்கும் அந்தோணி, கண்ணாடி அறைக்குள் போனில் யாருக்கோ தலையாட்டும் முதலாளி எட்வர்ட் என்று கும்மிடிப்பூண்டிப் பட்டறை முழுவதும் துண்டு துண்டாகத் தெரிந்தது.

பட்டையைத் திருப்பி அனுப்பியவர் மார்செல் என்ற கனடாக்காரர். அவர் ஊர்ப்பக்கம் காட்டில் வெட்டிய மரத்தை இன்னமும் சிலர் குதிரை பூட்டித்தான் இழுக்கிறார்களாம். அந்த வண்டிக்குச் சக்கரம் கிடையாது. இரண்டு நீளக் கட்டைகளின் மேல் ஒரு மேடை. கட்டைகள் பனியில் சறுக்கிக்கொண்டு போகும். கட்டை தேயாமலிருக்க அதன் அடியில் இரும்புப் பட்டை. அந்தப் பட்டையைத்தான் எட்வர்டின் பட்டறை செய்து அனுப்பியிருந்தது. பனி மெலிந்த இடங்களில் கல்லும் மண்ணும் பட்டையைத் தின்றுவிட்டன, ஒரு குளிர்காலம்கூட முழுதாகத் தாங்கவில்லை என்று மார்செல் எழுதியிருந்தார். கோபமாக ஒரு சொல் இல்லை. உங்கள் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் என் குதிரைகளுக்கு இரண்டு குளிர்காலம் உழைக்கும் பட்டை வேண்டும் என்றுதான் இருந்தது. மரியாதையாக வரும் குறைதான் அரவிந்தவல்லியை அதிகம் உறுத்தும். திட்டினால் பதிலுக்கு மனதில் திட்டிவிட்டு மறந்துவிடலாம்.

எட்வர்ட் அறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் முகத்தில் பெரிய காரியம் செய்துவிட்டவரின் களையும், ஏதோ உளறிவிட்டவரின் களையும் சேர்ந்து இருந்தன. மார்செல்தான் போனில் இருந்தாராம். பட்டைகளைச் சோதனை செய்துதான் அனுப்புகிறீர்களா என்று கேட்டாராம். தினமும் செய்கிறோம் என்றாராம் எட்வர்ட். எப்படி என்று கேட்டாராம் மார்செல்.

"குதிரைய வெச்சின்னு சொல்ட்டேன் மேடம்," என்றார் எட்வர்ட். "வாய்ல வந்துடிச்சி. ஒரு கெத்தா இருக்கட்டுமேன்னு."

அதைக் கேட்டு மார்செல் மிகவும் சந்தோஷப்பட்டுவிட்டார். புதுப் பட்டை தயாரானதும் அந்தச் சோதனையை வீடியோவில் பார்க்க ஆசைப்படுவதாகச் சொல்லிவிட்டார். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் ஏற்றுமதிப் பகுதியை மூடிவிட்டு அங்கே மறுபடி கேட், கிரில் போடவேண்டியதுதான் என்று எட்வர்ட் பொதுவாகக் கூரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு, இதை யார் சரிசெய்வது என்று கேட்டார்.

"நான் பண்றேன் சார்."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அரவிந்தவல்லிக்குத் தெரிந்தது.

அவளுடைய வேலை செய்வதல்ல, குறை கண்டுபிடிப்பது. தரப் பரிசோதகர். மற்றவர்கள் வெட்டி, வளைத்து, ஒட்டியதை எடுத்துப் பார்த்து வேண்டாம் என்று ஒதுக்குவது. பல வருஷங்களாக அதைச் செய்துசெய்து அது அவளுக்கு உடம்போடு ஒட்டிய குணமாகிவிட்டது. திருவள்ளூர்ச் சந்தையில் கத்திரிக்காய்க்காரி அவள் வருவதைப் பார்த்தாலே தராசை ஒருமுறை துடைப்பாள். கோயில் புளியோதரையில் உப்பு ஒரு கல் கூடுதல் என்று அவள் நாக்கு முதலில் சொல்லிவிடும். மனம் பிறகுதான் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நாத்தனார் அவளை இன்ஸ்பெக்டர் என்பாள். அதில் பாதி பெருமை, பாதி குத்தல். ஆனால் நீ என்ன செய்வாய் என்று அவளை யாரும் கேட்டதில்லை. தான் செய்த ஒரு பொருளை யாரோ முன்பின் தெரியாத ஒருவர் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, சரி என்று சொல்லவேண்டும் என்பது அவளுக்கு ரொம்ப நாளாக இருந்த ஆசை. நாற்பதைத் தாண்டியவளுக்கு அது நீச்சல் கற்றுக்கொள்ளும் ஆசையைப்போல் வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது.

தேய்மானத்துக்கு வைத்தியம் அந்தோணியிடம் இருந்தது. இங்கே வருவதற்கு முன்பு அவர் ஒரு சர்க்கரை ஆலையில் வெல்டராக இருந்தவர். கரும்பு பிழியும் உருளைகள் தேயாமலிருக்க அவற்றின் மேல் கடினமான உலோகத்தை வெல்டிங்கால் வரி வரியாக ஏற்றுவார்கள். அந்த வரிகள் தேயாது. அரம் வைத்தால் அரம்தான் போகும். அரவிந்தவல்லி அதைக் கேட்டுப் படம் வரைந்தாள். பட்டையின் அகலத்துக்குக் குறுக்கே, ஏணிப்படிபோல நெருக்கமாக வரிகள். அந்தோணி படத்தைப் பார்த்து, அப்படித்தான் இருக்கவேண்டும், சர்க்கரை ஆலையிலும் குறுக்கேதான் போடுவார்கள் என்று ஒப்புக்கொண்டார். அவர் போட்ட வரிகள் முதலை முதுகுபோல் இருந்தன. விரலால் தடவிய கங்கம்மா கையை உதறிக்கொண்டு, இதில் தேங்காய் துருவலாம் என்றாள்.

"அதான் வேல," என்றார் அந்தோணி. "என் வெல்டிங்கு கடிக்கணும். கடிச்சா உடாது."

குதிரை கிடைக்கும்வரை பட்டறையின் குட்டியானையை வைத்துச் சோதித்தார்கள். அந்தச் சின்ன லாரியின் பின்னால் சங்கிலி கட்டி, பட்டை பொருத்திய கட்டைகள்மேல் தைலமரத் தடிகளை ஏற்றி, தொழிற்பேட்டையின் பின்பக்கத்துச் சரளைக்கல் ரோட்டில் மேலும் கீழும் இழுத்தார்கள். எழுந்த சத்தத்தில் பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் மதியத் தூக்கத்தை விட்டு எழுந்து வந்தார். ரோட்டை உழுதுகொண்டு போகிறீர்களே, இங்கே இன்னா கேழ்வரகா விதைக்கப்போறீங்க என்று கேட்டார். உண்மையிலேயே ரோட்டில் ஏர் ஓட்டியதுபோல் இரண்டு சால் விழுந்திருந்தது. அரவிந்தவல்லிக்கு அது பெருமையாக இருந்தது. பட்டையைக் கழற்றி எடை பார்த்தாள். முள் முன்பு காட்டிய எடையிலேயே நின்றது. ரோடு தேய்ந்திருக்கிறது, பட்டை தேயவில்லை! மார்செலுக்குக் காட்டுவதற்காக அந்தச் சால்களை அவள் செருப்பை அளவுக்கு வைத்து போட்டோகூட எடுத்துக்கொண்டாள்.

அன்று திருவள்ளூர் போய்ச் சேரும்வரை ரயிலில் அவள் யாரிடமும் பேசவில்லை. பேசினால் சிரித்துவிடுவாள் என்று பயம். வீட்டில் ஸ்ரீராமனிடம் சொன்னாள். அவள் கணவர் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்பவர். ஈர வேஷ்டியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டுவிட்டு, யோசித்துவிட்டுக் கேட்டார்:

"ஏண்டி வல்லி, பனியிலே அந்தக் குதிரைக்குக் கால் சில்லுன்னு இருக்காதோ?"

"நான் பட்டையைப் பத்திச் சொல்றேன்னா."

"பட்டைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீதான் சொல்லிட்டியே. குதிரையைப் பத்தி யார் யோசிச்சா?"

இந்த மனிதரிடம் எதைக் கொடுத்தாலும் அதன் விளிம்பைத்தான் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தாள். அதை நினைத்தபோது எரிச்சல் வந்தது. எரிச்சலுக்கு அடியில் ஏதோ நமநமத்தது. அது என்னவென்று பார்க்காமல் ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள்.

குதிரை பொன்னேரியிலிருந்து வந்தது. பேர் ஏஞ்சல். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகும் வெள்ளைக் குதிரை. சொந்தக்காரர் அன்பு அதை மினி வேனிலிருந்து பக்குவமாக இறக்கினார். முந்தின நாள் ஊர்வலத்தின் ஜிகினா இன்னும் அதன் பிடரியில் மினுங்கியது. அன்பு ஒரு நிபந்தனை போட்டார்: பட்டறையில் சரக்குத் தூக்கும் அகலமான நாடா பெல்ட்டைத்தான் அதன் மார்பில் கட்டவேண்டும், அதுக்கும் கோணி சுற்றித்தான் கட்டவேண்டும். ஏஞ்சல் மாப்பிள்ளை தூக்கியதுண்டு, எதையும் இழுத்ததில்லை.

பனிக்கு மீன் ஐஸ். பழவேற்காட்டு ஐஸ் கம்பெனியிலிருந்து பாளம் பாளமாக வாங்கி, உடைத்து, லோடு ஏற்றும் சிமெண்ட் முற்றம் முழுவதும் பரப்பினார்கள். பரப்பிய கொஞ்ச நேரத்திலேயே பூனைகள் வந்தன. காக்கைகள் காம்பவுண்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, மீன் எப்போது வரும் என்று காத்திருந்தன. மார்செலுடன் வீடியோ சாயங்காலம்தான். அங்கே அப்போதுதான் விடியும். அதற்கு முன் மத்தியானத்திலேயே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடலாம் என்று அரவிந்தவல்லி சொன்னாள். அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. பார்த்து ரசிக்கத்தான் சொன்னாள்.

ஏஞ்சல் நகரவில்லை.

அன்பு தட்டிக்கொடுத்தார், கொஞ்சினார், வெல்லம் காட்டினார். குதிரை வெல்லத்தைத் தின்றுவிட்டு நின்றது. மோளம் இல்லாமல் அது நடக்காதும்மா, பழக்கம் அப்படி என்று அன்பு கூச்சத்தோடு சொன்னார். உடனே கங்கம்மா காலி பெயிண்ட் டின் ஒன்றைக் கவிழ்த்து இரண்டு ஸ்பானரால் தட்ட ஆரம்பித்தாள். கல்யாண வீட்டுத் தாளம் அச்சாக வந்தது. ஏஞ்சல் காதை நிமிர்த்தி, முன்காலைத் தூக்கி, ஒயிலாக ஓர் அடி வைத்தது. பெல்ட் விறைத்தது. வண்டி அப்படியே நின்றது. குதிரை திரும்பி வண்டியைப் பார்த்தது. மாப்பிள்ளை இறங்க மறுப்பதாக நினைத்திருக்கலாம்.

தடிகளைப் பாதி இறக்கினார்கள். நகரவில்லை. முழுவதும் இறக்கினார்கள். நகரவில்லை. எட்வர்டும் அந்தோணியும் பின்னால் நின்று தள்ளினார்கள். இருவரும் ஐஸில் பின்னால் வழுக்கிப் போனார்களே தவிர, வண்டி இருந்த இடத்தில் இருந்தது. முற்றத்தில் அன்று வழுக்காத ஒரே பொருள் பனிவண்டிதான்.

அரவிந்தவல்லி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஐஸ்மேல் படுத்தாள். தலையை வண்டிக்கு அடியில் நுழைத்துப் பார்த்தாள். குறுக்கு வரிகள் ஒவ்வொன்றும் ஐஸுக்குள் பல் பதித்து உட்கார்ந்திருந்தன. அந்தோணி சொன்னது சரி. கடித்தால் விடவில்லை.

கரும்பைப் பிடித்து இழுக்கும் உருளைக்கு வேண்டியதை, வழுக்கிப் போகவேண்டிய கட்டைக்குப் போட்டிருந்தார்கள். லாரி இழுத்தபோது இது தெரியவில்லை. குட்டியானை எதையும் இழுத்துவிடும். வாட்ச்மேன் ரோட்டைக் காட்டியபோதுகூட அவள் அதற்குப் போட்டோதான் எடுத்தாள். தேயக்கூடாது தேயக்கூடாது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். நகரவேண்டும் என்று மார்செல் எழுதவில்லை. வண்டி நகரவேண்டும் என்று யாராவது எழுதுவார்களா?

அடியில் குளுமையாக இருந்தது. முதுகு நனைந்து, மீன் வாடை மூக்கில் ஏறியது. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. எழுந்தால் முகங்களைப் பார்க்கவேண்டும். இந்தப் பட்டையைப்போல்தான் நானும் என்று ஓர் எண்ணம் வந்தது. எதையும் கடித்துப் பிடித்துக்கொண்டு, தேயாமல், இருந்த இடத்தில் இருந்துகொண்டு, அதையே தரம் என்று நினைத்துக்கொண்டு. அந்த எண்ணம் சோகமாக ஆழத் தொடங்கியபோது ஒரு பூனை வந்து அவள் காதை முகர்ந்தது. அவள் எழுந்துவிட்டாள்.

எட்வர்ட் தயாராக ஒரு யோசனை வைத்திருந்தார். பழைய பட்டை ஒரு ஜோடி கிடங்கில் கிடக்கிறது. சும்மா இரும்பு, வழவழவென்று இருக்கும். வீடியோவுக்கு அதை மாட்டிவிடலாம். பட்டை இருப்பது வண்டிக்கு அடியில், கேமராவுக்குத் தெரியாது. குதிரை ஜோராக இழுக்கும். புதுப் பட்டையின் எடைக் கணக்கை அதோடு காட்டிவிடலாம். ஆர்டரை வாங்கிக்கொண்டு பிறகு சாவகாசமாகச் சரிசெய்யலாம்.

"ரெண்டுமே நெஜந்தானே மேடம். வழுக்கறதும் நெஜம், தேயாததும் நெஜம். ஒரே நேரத்துல இல்ல, அவ்ளோதான்."

அரவிந்தவல்லி ஒரு கணம் அதை நினைத்துப் பார்த்தாள். மார்செல் சரி என்று சொல்வார். அந்தச் சொல் காதில் விழும். ஆனால் அவர் சரி சொல்வது ஏற்கெனவே ஓட்டை விழுந்து திரும்பி வந்த அதே ரகப் பட்டைக்கு. அவளுடையது கிடங்கில் ஒளிந்திருக்கும். இத்தனை வருஷம் ஆசைப்பட்டது இதற்கா? நேர்மை என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. பொறாமையாக இருந்தது. அந்தப் பழைய பட்டை தன் இடத்தில் நின்று பாராட்டு வாங்குவதை அவளால் சகிக்க முடியவில்லை.

"வேண்டாம் சார். வேற பட்டை போடறோம். வரியை நீளவாக்குல இழுத்து, மேலே தேச்சு வழவழன்னு ஆக்கிடறோம்."

அந்தோணி வெல்டிங் கையுறையைக் கழற்றித் தொடையில் தட்டினார். தன் வரிகளைத் தேய்த்து மழுக்குவது என்பது அவர் காதுக்கு ஆகாத பேச்சு. எத்தனையோ பேர் அவர் வெல்டிங்கைத் தடவிப் பார்த்து ரத்தம் பார்த்திருக்கிறார்கள்; அதுதான் அவருக்குக் கிடைத்த மெடல்.

"பல்ல ராவி உட்டா அப்பால இன்னா மேடம் கீது? ஈறுதான் கீது."

"படம் வரைஞ்சது நான், அந்தோணி. குறுக்கே போடச் சொன்னதும் நான்தான். நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்க. அதான் குதிரையால அசைக்க முடியல."

அந்தோணி ஏஞ்சலைப் பார்த்தார். ஒரு குதிரையையே நிறுத்திவிட்ட வெல்டிங் என்பது மெல்ல அவருக்குள் இறங்கியது. முகம் தெளிந்தது.

"சரி," என்றார். "நாம ரெண்டு பேரும் சக்கரை மில்லாண்டயே நின்னுட்டோம். வாங்க, வெளிய வரலாம்."

புதுப் பட்டையில் அவர் நீளவாக்கில் வரி இழுக்க இழுக்க, ஆறிய பக்கத்தை அவள் கை கிரைண்டரால் தேய்த்தாள். பொறி பறந்து புடவையில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்தன. குறுக்கே கிடந்தபோது மேடும் பள்ளமுமாக இருந்த அதே உலோகம், இப்போது ரயில் தண்டவாளத்தின் தலைபோல் பளபளத்தது. ஒரு பட்டை முடிந்து, இடது கட்டையில் மாட்டியாகிவிட்டது. வலது பட்டைக்கு அந்தோணி முதல் வரியை ஆரம்பித்தபோது கரண்ட் போனது.

எட்வர்ட் மின்வாரியத்துக்குப் போன் செய்தார். பக்கத்து வள்ளூர் அனல்மின் நிலையத்திலிருந்து ஊருக்கெல்லாம் கரண்ட் தயாராகிப் போகிறது, இங்கே மட்டும் எப்போது வரும் என்று சொல்ல ஆள் இல்லை. ஜெனரேட்டர் லைட்டுக்கும் பேனுக்கும்தான் தாங்கும், வெல்டிங்குக்குத் தாங்காது. எட்வர்ட் மறுபடி பழைய பட்டையைப் பற்றி ஆரம்பித்தார். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. மார்செல் விழித்திருப்பார்.

"இப்படியே இழுக்கலாம் சார்," என்றாள் அரவிந்தவல்லி. "ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு. அப்படியே காட்டலாம்."

எட்வர்ட் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்றார். திரையில் மார்செல் தெரிந்தார். கம்பளித் தொப்பி, நரைத்த தாடி, கையில் காபிக் கோப்பை. அவருக்குப் பின்னால் ஜன்னலில் இருட்டு பிரிந்துகொண்டிருந்தது. வணக்கம் சொன்னார். எட்வர்டும் வணக்கம் சொல்லி, நாற்காலி ஆட, பிடித்து நின்றார். கங்கம்மா பெயிண்ட் டின்னைத் தட்டினாள். ஏஞ்சல் முன்காலைத் தூக்கியது.

வண்டி நகர்ந்தது. நேராக அல்ல. வழவழத்த இடது கட்டை சுகமாக வழுக்கியது. பழைய குறுக்கு வரிப் பட்டையோடு கரடாக இருந்த வலது கட்டை இருந்த இடத்தில் ஊன்றிக்கொண்டது. ஆகவே வண்டி வலது பக்கமாகத் திரும்பியது. குதிரையும் திரும்பியது. தாளம் நிற்காததால் குதிரை நிற்கவில்லை. வலது கட்டையை நடுவில் வைத்துக்கொண்டு வண்டி அழகாக ஒரு சுற்று வந்தது. பிறகு இன்னொன்று. பிரதட்சிணம்தான், அப்பிரதட்சிணம் இல்லை என்று அரவிந்தவல்லிக்குள் இருந்த பரிசோதகி குறித்துக்கொண்டாள். சுற்று முடியும் இடத்திலெல்லாம் ஏஞ்சல், கல்யாண போட்டோகிராபருக்குச் செய்வதுபோல, நின்று தலையைத் தாழ்த்தி வணங்கியது. பூனைகள் ஒதுங்கி வழிவிட்டன. காக்கைகள் மட்டும் சுவரிலிருந்து அசையவில்லை.

மார்செல் காபியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, குதிரை ஏன் வணங்குகிறது என்று கேட்டார். உங்களுக்குத்தான் மரியாதை என்றார் எட்வர்ட். வண்டி ஏன் சுற்றுகிறது என்று கேட்டார். எட்வர்டின் வாயிலிருந்து ஏதோ கிளம்புவது தெரிந்தது. அது முழுதாக வருவதற்குள் அரவிந்தவல்லி லேப்டாப் முன்னால் வந்து நின்றாள். முடியில் ஐஸ், முந்தானையில் பொறி ஓட்டைகள், உடம்பெல்லாம் மீன் வாடை. வாடை கனடாவுக்குப் போகாது என்பது மட்டும் ஆறுதல்.

அவளுடைய ஆங்கிலம் மெயில் எழுதப் பழகியது. பேசும்போதும் மெயில்போலத்தான் வரும். வலது பட்டை நான் வரைந்தது, அது தப்பு, அது தேயாது ஆனால் நகராது, அதை நிராகரிக்கிறேன் என்றாள். இடது பட்டையும் நான் வரைந்ததுதான். அது நகர்கிறது. இரண்டு குளிர்காலம் தாங்குமா என்று எனக்குத் தெரியாது. இங்கே குளிர்காலம் இல்லை.

எட்வர்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

மார்செல் வண்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். கவிழ்த்தார்கள். திரையில் அவர் முகம் பெரிதாகிக்கொண்டே வந்து கடைசியில் மூக்கு மட்டும் தெரிந்தது. வரி எந்தப் பக்கமாகப் போகிறது, எவ்வளவு கனம், தேய்த்தது யார் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் அவர் சிரிக்க ஆரம்பித்தார். குதிரை மரம் இழுப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஒரு பட்டை எப்படி இருந்தால் வழுக்கும், எப்படி இருந்தால் கடித்துக்கொள்ளும் என்று ஒரே சமயத்தில் யாரும் எனக்குக் காட்டியதில்லை என்றார். இடது பட்டை மாதிரியே ஒரு ஜோடி அனுப்பு, என் குதிரைக்குப் பூட்டிப் பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன் என்றார்.

பிறகு சொல்கிறேன். அதுவும் அவளுக்குப் பழக்கமான சொல்தான். அவளே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். கேட்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

பட்டைகள் கப்பலேறின. அரவிந்தவல்லி போனில் மார்செலின் ஊர் வானிலையைப் பார்க்கப் பழகினாள். காலையில் ரயிலில் ஒருமுறை, மத்தியானம் தயிர்சாதத்தோடு ஒருமுறை. திருவள்ளூரில் அடைமழை பெய்து துணி காயாமல் கிடந்தது. அவள் கவலையெல்லாம் கனடாவில் இன்னும் பனி விழவில்லையே என்று. அந்த வருஷம் அங்கே குளிர் தாமதம். ஸ்ரீராமன் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் பெருமாளிடம் ஓர் அர்ச்சனை பண்ணச் சொல்கிறேன், பேர் நட்சத்திரம் சொல்லு என்றார். யாருக்கு என்று கேட்டாள். அந்தக் குதிரைக்குத்தான் என்றார். அதன் நட்சத்திரம் தெரியாது என்றாள். தெரியாதவர்களுக்கெல்லாம் பெருமாள் நட்சத்திரமே போதும், திருவோணம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் பிடிப்பது விளிம்பாகவே இருந்தாலும் நழுவவிடாமல் பிடிக்கிறார் என்று அன்று அவளுக்குத் தோன்றியது.

பனி விழுந்தது. தை போய் மாசியும் முடியும் தறுவாயில் மார்செலிடமிருந்து மெயில் வந்தது. கூடவே ஒரு படம். கவிழ்த்துவைத்த கட்டையில் அவளுடைய பட்டை. குளிர்காலம் முழுவதும் மரம் இழுத்திருக்கிறோம், கல் ரோட்டிலும் போயிருக்கிறோம், தேய்மானம் கண்ணுக்குத் தெரியவில்லை, பத்து ஜோடி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், மிக நல்ல வேலை, அதைச் செய்தவரிடம் சொல்லுங்கள் என்று இருந்தது.

எட்வர்ட் அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். கங்கம்மா கைதட்டினாள். அந்தோணி, பல் போனாலும் வேலை கெட்டியாத்தான் கீது என்றார். அரவிந்தவல்லிக்குக் காது மடல் சுட்டது. யாருக்கும் தெரியாமல் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டு வந்தாள். ஒரு டீ குடித்து முடிக்கும்வரை அந்தச் சந்தோஷம் முழுசாக இருந்தது.

பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. பட்டை முன்பக்கம் மேலே வளைகிற இடத்தில், வரி ஆரம்பிக்கும் முனையில், நகக்கண் அளவுக்கு உலோகம் தூக்கிக்கொண்டிருந்தது. மார்செல் கவனிக்கவில்லை. கவனித்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார். இந்தக் குளிர்காலத்துக்கு ஒன்றும் ஆகாது. அடுத்ததில், அந்த இடத்தில் ஒரு கல் சிக்கினால், வரி உரியும்.

அவள் பதில் எழுதினாள். நன்றி, ஆனால் பத்து ஜோடியை இப்போது அனுப்ப இயலாது, வளைவில் ஒரு குறை இருக்கிறது, உங்கள் படத்திலேயே தெரிகிறது, வட்டமிட்டு இணைத்திருக்கிறேன், சரிசெய்துவிட்டு அனுப்புகிறோம்.

எட்வர்ட் அதை அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், அவரே ஓகேன்னுட்டாரு. நீங்க இன்னாத்துக்கு மேடம் ஒத்துக்க மாட்டேன்றீங்க?"

"அவர் ஓகே சொன்னது அவருக்கு சார்," என்றாள் அரவிந்தவல்லி.

அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, படத்தைப் போனில் அந்தோணியிடம் எடுத்துக்கொண்டு போனாள். அவர் குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, வரியை வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே ஆரம்பித்து மேலே கொண்டுபோய் முடித்தால் முனை தூக்காது, ஆனால் சூடு ஏறி அந்த இடமே கோணும் என்றார். கோணாமல் எப்படிப் போடுவது என்று அவள் கேட்டாள். தெரியல மேடம், போட்டுத்தான் பார்க்கணும் என்றார் அவர். அவள் மேஜைக்கடியிலிருந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.